கறிக்கு மேல் சக்கரவள்ளி

எங்கள் வீட்டுச் சமையலறையில் எழுதி வைக்காத சட்டங்கள் நிறைய உண்டு. அவற்றில் முதலாவது, கறி வேகிற அடுப்புப் பக்கம் இனிப்பு எதுவும் வரக்கூடாது என்பது. வெங்காயம் கூடிப்போய்க் குழம்பு லேசாகத் தித்தித்தாலே அம்மா இன்னும் நாலு மிளகைத் தட்டிப் போடுவார். தக்காளி புளிக்காமல் இனித்தால் அன்று முழுக்கக் காய்க்காரருக்குத் திட்டு விழும். இப்படிப்பட்ட வீட்டில், கொத்துக்கறிக்கு மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்துப் பூசி ஓவனில் வைக்கப்போவதாக என் அக்கா மகள் அறிவித்தாள். அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டு அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பூண்டுக்குத் திரும்பிவிட்டார்.

அக்கா மகள் லீட்ஸில் படிக்கிறாள். கைச்செலவுக்காக வார இறுதியில் அங்கே ஒரு பப்பின் சமையலறையில் வேலை. பாத்திரம் கழுவுவதில் தொடங்கி, உருளைக்கிழங்கு மசிப்பது வரை பதவி உயர்ந்திருக்கிறது. ஜூன் விடுமுறைக்குத் தண்டையார்பேட்டைக்கு வந்தவள், "தாத்தாவுக்கு ஷெப்பர்ட்ஸ் பை செஞ்சு தரப்போறேன் மாமா" என்று முதலில் என்னிடம்தான் சொன்னாள். ஆயாவிடம் நேராகச் சொல்லத் தைரியமில்லை. அப்பாவுக்குச் சுகர். உருளைக்கிழங்கைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் மேலே உருளைக்குப் பதில் சக்கரவள்ளி. அங்கே உடம்பைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம். இந்த வயதுப் பிள்ளைகள் "எல்லோரும்" என்று சொன்னால் நாலைந்து பேர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பை என்று பெயரே தவிர மாவு கிடையாது. கீழே கொத்துக்கறி, மேலே மசித்த கிழங்கு, மேல்பக்கம் சிவக்கும் வரை சூடு. அவ்வளவுதான். மிஞ்சியதை வீணாக்காமல் தீர்க்கப் பிறந்த சாப்பாடு. 1791-லேயே ஓர் ஆங்கிலப் பாதிரியார் 'காட்டேஜ் பை' சாப்பிட்டதாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஷெப்பர்ட்ஸ் பை என்ற பெயர் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் சமையல் புத்தகங்களுக்கு வருகிறது. ஆட்டுக்கறி என்றால் ஷெப்பர்ட், மாட்டுக்கறி என்றால் காட்டேஜ் என்று இன்றைக்கு அங்கே பெரிய சண்டையே போடுகிறார்கள். பழைய புத்தகங்களில் அந்தக் கறார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சுட்ட கறியில் எது மிஞ்சியதோ, அது திங்கட்கிழமை பொடியாகக் கொத்தப்பட்டுக் கிழங்குக்கு அடியில் போகும்.

இதையெல்லாம் அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது அப்பா மெதுவாக, "பொட்டேட்டோ சாப்பு" என்றார். அவர் பெரம்பூர் லோகோ வொர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஆங்கிலோ இந்தியர்கள் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறிவிட்டிருந்தார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒருவர் அப்பாவின் ஷாப்பில் சார்ஜ்மேன். கிறிஸ்துமஸ் முடிந்து வேலைக்கு வரும்போது அவர் டிபன் பாக்ஸில் பொட்டேட்டோ சாப் இருக்கும். மசித்த உருளைக்கிழங்கைக் கையில் தட்டி, நடுவில் வதக்கிய கொத்துக்கறியை வைத்து மூடி, முட்டையில் தோய்த்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தது. "அதே சமாசாரம்தான். இது பொரிக்காம விட்டது" என்றார் அப்பா. அவர் சொன்னது சரிதான். ஒரே சாப்பாடு இங்கே எண்ணெய்ச் சட்டிக்கும் அங்கே ஓவனுக்கும் போயிருக்கிறது. பெரம்பூர் பக்கம் வீட்டுக்கு வீடு ஓவன் ஏது?

மூடி தனி, கறி தனி

சாமான் வாங்கவே பாதி நாள் போனது. கறிக்கடை பாய் கொத்துக்கறி என்றதும், "மெஷின்ல போடவா, கத்தியில கொத்தவா?" என்று கேட்டார். கத்திதான் நல்லது. மெஷினில் போட்டால் நார் நசுங்கி, வேகும்போது தண்ணீர் விட்டுக் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும். இன்னொரு விஷயம், நம் ஊரில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாடு. அவர்கள் செய்வது செம்மறிக் குட்டியில். அதில் கொழுப்பு அதிகம், கறி தானாக உருகிக் குழைந்துவிடும். வெள்ளாட்டில் அந்தக் கொழுப்பு இல்லை. கிழங்குக்கு அடியில் போய் உட்கார்ந்தால் கறி மரத்தூள் மாதிரி ஆகிவிடும். அதனால் அரைக் கிலோ கறிக்கு ஒரு கைப்பிடிக் கொழுப்பையும் சேர்த்துக் கொத்தச் சொன்னேன். பாய் சந்தோஷமாகவே போட்டுக் கொடுத்தார். எல்லோரும் கொழுப்பை எடுக்கச் சொல்கிற காலத்தில் போடச் சொல்லி ஒருவன் கேட்கிறானே!

கிழங்கு காலடிப்பேட்டை மார்க்கெட்டில். அக்கா மகளுக்கு உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கிற கிழங்கு வேண்டும். அங்கே கிடைப்பது அதுதானாம். அந்த நிறம் கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினால் வருவது. நம் நாட்டிலும் அந்த ரகம் உண்டு. திருவனந்தபுரத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 'பூ சோனா' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. ஆனால் காலடிப்பேட்டையில் கூறு கட்டி வைத்திருந்தது, வெளியே ரோஸ், உள்ளே வெள்ளை என்று நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற கிழங்கு. அவளுக்கு ஏமாற்றம். எனக்கு அது நல்லதாகவே பட்டது. ஆரஞ்சுக் கிழங்கு வெந்தால் குழகுழவென்று ஆகிவிடும், தண்ணீர் அதிகம். நம் கிழங்கு மாவாக, கெட்டியாக நிற்கும். கறிக்கு மேல் மூடியாக உட்கார வேண்டியதற்கு அதுதானே தகுதி? நாரை மட்டும் கவனிக்க வேண்டும். சூடாக இருக்கும்போதே மசித்து ஒரு சல்லடையில் தேய்த்து எடுத்துவிட்டால் நார் மேலே தங்கிவிடும்.

அப்புறம் ஓவன். டிசம்பரில் ராயபுரம் பக்கம் கேக் கலவையை வீட்டில் தயார் செய்து தூக்கிக்கொண்டு போனால் சுட்டுத் தருகிற பேக்கரிகள் உண்டு. ட்ரேயில் பெயர் எழுதிய சீட்டை ஒட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் போய் வாங்கிக்கொள்ளலாம். அந்த நினைப்பில் ஒரு பேக்கரியில் கேட்டுப் பார்த்தேன். உள்ளே என்ன என்று கேட்டார், சொன்னேன். "கறி வாசனை ஏறிடுச்சின்னா காலைல பன்னு எவன் சார் வாங்குவான்?" என்றார். நியாயமான கேள்வி. கடைசியில் மாடியில் குடியிருக்கிறவர்களிடம் ஓடிஜி அடுப்பை இரவல் வாங்கினோம். அதைப் போட்டால் ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபியூஸ் போகும் என்ற எச்சரிக்கையோடு வந்தது.

அக்கா மகள் தன் செய்முறைப்படியே செய்தாள். வெங்காயம், கேரட், பூண்டு வதக்கி, கறியைப் போட்டுச் சிவக்க விட்டு, தக்காளி விழுது, பச்சைப் பட்டாணி, தைம் இலைத் தூள், இரண்டு ஸ்பூன் வூஸ்டர்ஷையர் சாஸ். வெள்ளாட்டுக் கறி என்பதால் முக்கால் மணி நேரம் வெந்தது. தண்ணீர் வற்றிக் கெட்டியான பிறகு கண்ணாடிப் பாத்திரத்தில் பரப்பி, வெண்ணெய் போட்டு மசித்த கிழங்கை மேலே பூசி, முள்கரண்டியால் கோடு கோடாகக் கீறிவிட்டாள். அந்தக் கோடுகளின் முகடுதான் முதலில் சிவக்கும், மொறுமொறுப்பு அங்கேதான் கிடைக்கும். வெளியே வந்தபோது பார்க்க அழகாக இருந்தது. வாசனையும் நன்றாகவே இருந்தது. அண்டை வீட்டுப் பையன் இரண்டு தடவை ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து போனான்.

அம்மா சாப்பிட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். தட்டில் வைத்த துண்டிலிருந்து மேலே இருந்த கிழங்கை அப்படியே ஸ்பூனால் பெயர்த்து ஓரமாக வைத்தார். கறியைச் சோற்றில் போட்டுப் பிசைந்து, கொஞ்சம் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, டீயோடு கிழங்கைத் தனியாகச் சாப்பிட்டார். எதையும் மிச்சம் வைக்கவில்லை. எப்படி இருந்தது ஆயா என்று அவள் கேட்டதற்கு, "ரெண்டும் நல்லாத்தான் கீது. ஒண்ணுக்கொண்ணு ஒட்டல" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால், வயதானவர்கள், புது ருசி ஏற்காது என்று விட்டிருப்பேன். அவர் சொன்னது அதுவல்ல. நானும் சாப்பிட்டேன்; கிழங்கின் தித்திப்பு மேலேயே நின்றது, கறியின் ருசி கீழேயே நின்றது. ஒரே வாயில் இரண்டும் போனாலும் நாக்கு ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனது.

அக்கா மகள் குறையைக் கிழங்கின் மேல் போட்டாள். இனிப்பு அதிகம், அதைக் குறைத்தால் போதும் என்றாள். குறைக்க முடியும். சக்கரவள்ளியின் இனிப்பில் பாதி, வேகும்போது பிறப்பது. கிழங்குக்குள் ஒரு நொதி இருக்கிறது. சூடு 60, 70 டிகிரிப் பக்கம் இருக்கும்போது அது மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்துக்கொண்டே இருக்கும். சூடு அதையும் தாண்டி ஏறிவிட்டால் நொதி செத்துவிடும். எனவே முழுக் கிழங்கை மெதுவாகச் சுட்டால் நொதிக்கு நிறைய நேரம் கிடைக்கும், தேனாக இனிக்கும். சிறு துண்டுகளாக நறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் சட்டென்று சூடேறி அதன் வேலை பாதியிலேயே நின்றுவிடும், இனிப்பு மட்டுப்படும். அப்பா விஷயத்திலும் இது முக்கியம். சக்கரவள்ளி சுகருக்கு நல்லது என்று எல்லோரும் பொத்தாம் பொதுவாகச் சொல்கிறார்கள். அவித்த கிழங்குக்குத்தான் அந்த நல்ல பெயர் ஓரளவு பொருந்தும். ஓவனில் நெடுநேரம் சுட்டது ரத்தத்தில் சர்க்கரையை மளமளவென்று ஏற்றக்கூடியது. ஆகவே துண்டு போட்டு அவித்து, மேல்பக்கம் சிவக்க மட்டும் கொஞ்ச நேரம் ஓவனில் வைப்பது என்று முடிவாயிற்று. இவ்வளவு செய்தும் அப்பாவுக்கு ஒரு சின்னத் துண்டுதான்.

ஆனால் இனிப்பைக் குறைப்பதில் எனக்குச் சமாதானம் ஏற்படவில்லை. இனிப்பே வேண்டாம் என்றால் சக்கரவள்ளி எதற்கு? கருணைக்கிழங்கை மசித்துப் பூசிவிட்டுப் போகலாமே. கறியும் இனிப்பும் சேரவே சேராது என்பதையும் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பிரியாணியோடு பிரட் அல்வா வைப்பார்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளைக் கவனித்தால், அல்வாவைக் கடைசிவரை விட்டு வைக்காமல் ஒரு வாய் பிரியாணி, ஒரு விள்ளல் அல்வா என்று மாற்றி மாற்றித்தான் சாப்பிடுவார்கள். நானும் அப்படிச் சாப்பிட்டவன்தான். இரண்டுக்கும் நடுவில் கத்திரிக்காய்த் தொக்கு இருந்தது என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

பாட்டிலின் முதுகு

எனக்குப் பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்குக்குச் சுங்கக் காகிதம் தயார் செய்வது. எந்தச் சரக்கு எந்தத் தலைப்பு எண்ணுக்குக் கீழே வரும் என்று பார்ப்பதுதான் பாதி வேலை. அதற்குப் பொட்டலத்தின் முன்பக்கத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும். சாஸ் வகைகள் 2103-க்குள் வரும். அந்த வாரம் ஒரு ஹோட்டல் சப்ளைக்காரருக்கு வந்த கலவைச் சரக்கில் சாஸ் பாட்டில்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, லீ அண்ட் பெரின்ஸ் வூஸ்டர்ஷையர் சாஸ். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரத்தில் மருந்துக் கடை வைத்திருந்த இரண்டு பேர் 1837-இல் விற்கத் தொடங்கிய சாஸ். வங்காளத்திலிருந்து திரும்பிய ஒரு பிரபு செய்முறையைக் கொண்டுவந்து கொடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதையில் வருகிற பெயரில் வங்காளத்துக்குக் கவர்னராக யாரும் இருந்ததில்லை, எனவே அதை விட்டுவிடலாம்.

கதை பொய்யாக இருக்கலாம், லேபிள் பொய் சொல்லாது. வினிகர், கரும்புப் பாகு, சர்க்கரை, உப்பு என்று படித்துக்கொண்டே வந்தவன் அடுத்த இரண்டு பெயர்களில் நின்றுவிட்டேன். ஆங்கோவி. டாமரிண்ட். அதாவது நெத்திலி, புளி. அதற்குப் பிறகு வெங்காயம், பூண்டு, மசாலா. ஆங்கோவி என்று அவர்கள் சொல்கிற மீனும் காசிமேட்டில் கூடை கூடையாக இறங்குகிற நெத்திலியும் ஒரே குடும்பம். உப்பில் ஊறிய நெத்திலியும், புளியும், கொஞ்சம் பாகும், வினிகரும் மாதக்கணக்கில் பீப்பாயில் கிடந்து வடிகட்டி வருவதைத்தான் இவ்வளவு காலமாக ஷெப்பர்ட்ஸ் பையில் இரண்டு ஸ்பூன் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அக்கா மகள் நம் வீட்டில் ஊற்றியது வேறு. பக்கத்துக் கடையில் கிடைத்த பாட்டில், பச்சைப் புள்ளி போட்டது. அதில் மீன் இருக்க வழியே இல்லை. வீட்டுக்குப் போய் முதல் வேலையாக அதை ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன். தித்திப்பும் லேசான வினிகரும்தான்.

புளியும் நெத்திலியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ரயிலுக்கு நடந்தபோதுதான், இந்த இரண்டையும் சக்கரவள்ளியோடு சேர்த்து நான் வருஷா வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. கறிநாள் குழம்பு! அம்மாவுக்குப் பொன்னேரிப் பக்கம். பொங்கலன்று படைப்பதற்குக் கருவாடு இல்லாமல் ஒரு குழம்பு. மொச்சை, அவரை, கத்திரி, பூசணி, சக்கரவள்ளி எல்லாம் போட்டது. கறிநாளன்று அதே காய்களோடு நெத்திலிக் கருவாட்டைச் சேர்த்துப் புளி தூக்கலாக இன்னொன்று. அதில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அடித்துக்கொள்வது சக்கரவள்ளித் துண்டுக்குத்தான். மீனும் புளியும் காரமும் ஏறிய சக்கரவள்ளி. அது இனிப்பாகத்தான் இருக்கும், அந்த இனிப்பை யாரும் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை. சட்டம் போட்ட அம்மாவே அதை ஆக்குகிறவர்.

அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். "கறிநாள் கொழம்புல சக்கரவள்ளி எதுக்கும்மா போடற?"

"அது இல்லன்னா புளி தூக்கிடும். கெழங்கு இருந்தாதான் புளி அடங்கும்" என்றார். ஏன் இந்த நேரத்தில் இந்தக் கேள்வி என்று அவர் கேட்கவில்லை. கறிநாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

புளியை அடக்கக் கிழங்கு என்றால், கிழங்கை அடக்கவும் புளி வேண்டும். கறிக்கு மேல் உருளையை வைக்கும்போது அடியில் எது இருந்தாலும் உருளை ஏற்றுக்கொள்ளும். அதற்கென்று தனி ருசி பெரிதாக இல்லை. சக்கரவள்ளி அப்படியில்லை. மேலே அதை வைத்தால் கீழே இருக்கிற கறி மாற வேண்டும். உருளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சக்கரவள்ளியைப் போடுங்கள், மற்றதெல்லாம் அதே அளவு என்று எழுதுகிறவர்கள் இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். காரம் கூட்டினால் சரியாகிவிடும் என்று நம் ஊரில் செய்கிறவர்கள் நினைப்பதுண்டு. காரம் மட்டும் போதாது. காரமும் இனிப்பும் மோதிக்கொண்டு நிற்கும். நடுவில் புளிப்பு வந்தால்தான் இரண்டும் வழிக்கு வரும். பந்தியில் பிரட் அல்வாவுக்கும் பிரியாணிக்கும் நடுவில் அந்தக் கத்திரிக்காய்த் தொக்கு செய்துகொண்டிருந்ததும் இதைத்தான்.

நெத்திலி உள்ளே போன பிறகு

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு நானே காசிமேட்டுக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்தேன். இவ்வளவு தூரம் போயிருக்கத் தேவையில்லை, தெருமுனையிலேயே கிடைக்கும். இருந்தாலும் போனேன். நெத்திலிக் கருவாட்டில் தலையைக் கிள்ளிவிட்டு, மணல் போக வெந்நீரில் அலசி, துணியில் ஒற்றி, வெறும் சட்டியில் முறுக வறுத்தால் கையால் நொறுக்கினாலே பொடியாகும். அரைக் கிலோ கறிக்கு அந்தப் பொடி ஒன்றரை ஸ்பூன் போதும். சாப்பிடும்போது மீன் இருப்பது தெரியக்கூடாது. தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். கறியின் ருசி மட்டும் ஒரு படி ஆழமாகத் தெரிய வேண்டும். உப்பைக் கடைசியில் பார்த்துப் போட வேண்டும், கருவாட்டிலேயே பாதி உப்பு வந்துவிடும். புளி நெல்லிக்காய் அளவு, கெட்டியாகக் கரைத்தது. புளி ஊற்றிய பிறகு பச்சை வாசனை போகக் கொதிப்பது அவசியம், அதற்குள் கறி முக்கால்வாசி வெந்திருக்க வேண்டும். புளியை முன்னாலேயே ஊற்றிவிட்டால் கறி விறைத்துக்கொண்டு வேக மறுக்கும் என்பது அம்மா வழி.

மிளகு தாராளமாக. மிளகாய்த் தூளைப் பேருக்குத்தான் போட்டேன், நிறம் ஏறிவிட்டால் அது குழம்பாகிவிடும். தைம் இருந்தது, அதையும் விடவில்லை. கறிவேப்பிலை போடலாமா என்று ஒரு சபலம், அடக்கிக்கொண்டேன். கறி நீர்க்க இருந்தால் மேலே இருக்கிற கிழங்கு அமுங்கி உள்ளே இறங்கிவிடும். அங்கே அதற்கு மைதா தூவுகிறார்கள், நான் கோலா உருண்டைக்குப் போடுகிற மாதிரி பொட்டுக்கடலையை அரைத்து ஒரு ஸ்பூன் தூவினேன். அது நீரையும் இழுத்துக்கொள்ளும், கொழுப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கிழங்குக்குப் பால் வேண்டாம். தண்ணீரை வடித்தபின் அதே சட்டியில் அடுப்பில் வைத்து ஈரம் போகப் புரட்டி, வெண்ணெயும் உப்பும் மட்டும். கறி ஆறிய பிறகுதான் கிழங்கைப் பூச வேண்டும், சூடாக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஓவன் 200 டிகிரியில், முகடுகள் கருக்கத் தொடங்கும் வரை. வெளியே எடுத்துப் பத்து நிமிஷம் தொடாமல் வைத்தால் துண்டு துண்டாக எடுக்க வரும்.

அக்கா மகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நெத்திலிப் பொடி உள்ளே போனபோது, "மாமா, இது பையே இல்ல. பப்ல யாராவது பார்த்தா என்னை வேலைய விட்டு அனுப்பிடுவாங்க" என்றாள். பாட்டில் லேபிளைச் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். படித்துவிட்டு அவள் சொன்னது இன்னும் நன்றாக இருந்தது. "தினமும் இதைத்தான் ஊத்திட்டிருக்கேன். திருப்பிப் பார்த்ததே இல்ல." புளியமரம் இங்கிலாந்துக் குளிரில் வளராது. அங்கே விளையாத ஒன்றை 1837-லிருந்து ஊற்றிக்கொண்டு அதைத் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று அவர்கள் சொல்லும்போது, நான் நெத்திலியைப் பொடித்துப் போட்டதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அம்மா இந்த முறை கிழங்கைப் பெயர்க்கவில்லை. ரசமும் கேட்கவில்லை. ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிட்டார். கிழங்கும் கறியும் சேர்ந்து பிசைபட்டதைப் பார்த்து அக்கா மகள் முகம் போன போக்கு இருக்கிறதே! கீறிய கோடுகள், சிவந்த முகடுகள் எல்லாம் ஒரு நொடியில் போயின. எனக்கென்னவோ அதுதான் சரியாகச் சாப்பிடும் முறை என்று தோன்றியது. அப்பா தன் துண்டை முடித்துவிட்டு இன்னொன்றைக் கேட்டார், கிடைக்கவில்லை. மீந்திருந்த கொஞ்சத்தை அம்மா அவர் கண்ணில் படாமல் மூடி வைத்து, மறுநாள் காலையில் உருட்டித் தட்டி ரொட்டித் தூளில் புரட்டித் தோசைக்கல்லில் போட்டு எடுத்தார். அப்பாவின் சார்ஜ்மேன் இருந்திருந்தால் தன் வீட்டுப் பலகாரம் என்றே சொல்லியிருப்பார். சக்கரவள்ளி சட்டென்று கருகிவிடும் என்பதால் தீயைக் குறைத்தே வைக்க வேண்டும்.

அக்கா மகள் லீட்ஸுக்குத் திரும்பிவிட்டாள். அங்கே ஆரஞ்சுக் கிழங்குதான் கிடைக்கிறது, அசல் சாஸும் கிடைக்கிறது. இரண்டு ஸ்பூனுக்குப் பதில் நாலு ஊற்றி, கூடக் கொஞ்சம் புளியும் கரைத்து விட்டாளாம், உடன் தங்கியிருக்கிற பெண்கள் சட்டியைச் சுரண்டிவிட்டார்கள் என்று போனில் சொன்னாள். கிழங்கு மட்டும் நீர்த்துப்போய் ஓரத்தில் வழிந்ததாம். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, மசித்ததும் அடுப்பில் வைத்துப் புரட்டாமல் விட்டாயா என்று ஒரு பிடி பிடித்தார். பிறகு என்னிடம் திரும்பி, எல்லாம் சரி, பட்டாணிக்குப் பதில் மொச்சையைத் தோலுரித்துப் போட்டிருந்தால் இன்னும் எடுப்பாக இருந்திருக்கும் என்றார். அது இப்போது கிடைக்காது, மார்கழியில்தான் வரும் என்றேன். "வரட்டும். ஓவன் மட்டும் மாடிக்காரங்க கிட்ட அப்பவே சொல்லி வை" என்றார்.